ஆறாவது இன்னிங்ஸில் ஆர்வில் சொன்ன பொய்

சாப்பாட்டு மேஜையிலிருந்து பாதியில் எழுந்து போன கிளேட்டன், அதற்கப்புறம் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றோடு பதினோரு நாள்.

அன்றைக்கு அவன் சொன்னது இவ்வளவுதான். "சனிக்கிழமை டிவியில மல்யுத்தம்னு பொய் விக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை ரேடியோல நீங்க சொல்றத எவன் நம்புவான்?"

மல்யுத்தத்துக்கும் பேஸ்பாலுக்கும் வர்ணனை சொல்லும் அப்பா ஆர்வில் மேப்ரி முள்கரண்டியைக் கீழே வைத்தார். "பேஸ்பால்ல நடக்காத ஒண்ண நடந்ததா நான் சொன்னதே கிடையாது," என்றார்.

மல்யுத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசமாட்டார். இருபத்துநாலு வருஷம் கூட வாழ்ந்த மனைவி லொரீனாவிடம்கூட. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான். எவன் ஜெயிப்பான் என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது என்பதை உயிர் போனாலும் வெளியே விடமாட்டார்கள்.

மறுநாள் காலை கிளேட்டன் தான் ஆடும் மேக்கன் பேஸ்பால் அணியின் பஸ்ஸில் ஏறி வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்விட்டான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அணி சவானாவில் ஆடிக்கொண்டிருந்தது.

தேவாலயத்திலிருந்து வந்து, வறுத்த கோழி சாப்பிட்டு, பாத்திரங்களையும் கழுவிவிட்டு லொரீனா ஜாம் போடப் பீச் பழம் உரிக்க உட்கார்ந்தாள். இரண்டு கூடை இருந்தது. ஜூலை வெயிலில் அதை நாளைக்கு என்று தள்ளிவைக்க முடியாது.

எதிர் நாற்காலியில் மருமகள் நடீன். ஏழு மாதக் கர்ப்பிணி. வீங்கிய கால்களைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் கொடுத்த அட்டை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். கிளேட்டன் ஊர் ஊராகச் சுற்றும் மாதங்களில் அவளுக்கு மாமியார் வீடுதான்.

"நேத்து மல்யுத்தம் பாத்தீங்களா அத்தை? அந்த முகமூடிக்காரன் இடுப்புப் பட்டையில எதையோ ஒளிச்சு வெச்சிருந்தான். மாமா தொண்டை கிழியக் கத்துறார். அந்த நடுவர் திரும்பியே பாக்கல."

"பாத்தேன்."

"அந்தாளுக்கு யாராவது கண்ணாடி போட்டுவிடணும்."

"நீ டிவிப் பெட்டி மேல செருப்ப எறியாம இருந்தா எனக்கு அதுவே போதும்."

"ஒரு தடவதான் எறிஞ்சேன். அதுவும் துணிச் செருப்பு."

லொரீனா சிரித்துக்கொண்டாள். மல்யுத்த மேடையில் நடக்கும் ஒவ்வொரு அடியையும் நடீன் நம்பினாள். அதைவிட அதிகமாக மாமனாரின் குரலை நம்பினாள்.

மேக்கன் நகரமே அந்தக் குரலை நம்பியது. இருபத்துநாலு வயதில் ரேடியோவில் பன்றிச் சந்தை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தவர் ஆர்வில். "பன்றியையே இந்த ஆளு இப்படி வாசிக்கிறானே, மனுஷன் மனுஷன அடிச்சா எப்படிச் சொல்லுவான்" என்று மல்யுத்தப் போட்டி நடத்தும் ஒருவர் அவரைக் கையோடு கூட்டிப்போனார். அடுத்த கோடையில் பேஸ்பாலும் வந்து சேர்ந்தது. ஒரு முறை மல்யுத்தத்தில் கெட்டவனாக வரும் ஒருவனை நல்ல பலசாலி என்று பாராட்டிவிட்டார் என்பதற்காகப் பார்வையாளர்களில் ஒரு பெண் தொப்பியிலிருந்த ஊசியை உருவி அவர் தொடையில் குத்தினாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பெருமையாகத்தான் காட்டுவார்.

சமையலறை அலமாரி மேலிருந்த ரேடியோவில் இப்போது பேசிக்கொண்டிருந்தது பேஸ்பால் குரல். அவசரமில்லாத குரல். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல இருக்கும்.

வெளியூர் ஆட்டங்களுக்கு ஆர்வில் போவதில்லை. சவானா மைதானத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் தந்தியில் அடிப்பார். இங்கே ரேடியோ நிலையத்தில் தந்திக்காரர் ஹாலிஸ் அதைத் தட்டச்சு செய்து கண்ணாடி ஜன்னல் வழியாக நீட்டுவார். அந்தத் துண்டுக் காகிதத்தைப் பார்த்து ஆர்வில் ஆட்டத்தைச் சொல்லுவார். மட்டையில் பந்து பட்டால் மேஜையிலிருக்கும் மரக்கட்டையை ஒரு குச்சியால் தட்டுவார். தந்தி தாமதித்தால் மேகத்தைப் பற்றிப் பேசுவார், கூட்டத்தைப் பற்றிப் பேசுவார். "நேரத்த நிரப்பறது வேற, ஆட்டத்த மாத்தறது வேற" என்பது அவர் கணக்கு.

ஆறாவது இன்னிங்ஸ்.

"கிளேட்டன் மேப்ரி பேட் பிடிக்க வர்றான்," என்றது குரல்.

மகன் என்று ஒரு நாளும் சொல்லமாட்டார். மற்றவர்களைச் சொல்வதுபோலத்தான் அவனையும் முழுப் பெயரோடு சொல்லுவார். நடீன் விசிறுவதை நிறுத்தினாள்.

"முதல் பந்து, தாழ்வு. விட்டுட்டான். ரெண்டாவது பந்து உள்பக்கமா வருது…"

குரல் நின்றது.

லொரீனா அடுத்த பழத்தை எடுத்தாள். தந்தி தாமதம் போலிருக்கிறது. இப்போது மேகத்தைப் பற்றிச் சொல்லுவார் என்று நினைத்தாள். மேகம் வரவில்லை. ரேடியோவில் காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

"மேல பட்டிருச்சு," என்றார் ஆர்வில். "கிளேட்டன் மேல பட்டிருச்சு."

"ஐயோ," என்றாள் நடீன்.

மறுபடி காகிதம் சரசரத்தது. பிறகு குரல் திரும்பி வந்தது. வேகமாக, உயரத்தில், ஒரு வார்த்தை இன்னொன்றின் மேல் ஏறிக்கொண்டு வந்தது.

"எழுந்துட்டான். என் கண்ணால பாக்கறேன் மக்களே, எழுந்து நின்னுட்டான். தொப்பியத் தட்டி மாட்டிக்கிட்டான். பந்து வீசினவனப் பாத்து ஒரு சிரிப்பு. பந்து பட்டவனுக்குக் கிடைக்கிற முதல் பேஸுக்கு நடக்கறான் மக்களே, என்னவோ கடைத்தெருவுக்குப் போற மாதிரி நடக்கறான்."

நடீன் மூச்சை விட்டாள். "அவருக்கு உடம்பெல்லாம் ரப்பர் அத்தை. எனக்குத்தான் ஒரு நிமிஷம் உயிரே போயிட்டு வந்துச்சு."

லொரீனாவின் கையில், பழத்தில் இறங்கிய கத்தி அப்படியே நின்றிருந்தது. கை முழுக்கச் சாறு வழிந்தது.

என் கண்ணால பாக்கறேன்.

நூற்றறுபது மைல் தள்ளி நடக்கும் ஆட்டத்தை எப்படிக் கண்ணால் பார்க்க முடியும்? பேஸ்பாலில் அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. அது மல்யுத்தத்தின் வார்த்தை. மேடையில் நடக்காத ஒன்றை நடந்தது என்று கூட்டத்தை நம்பவைக்க வேண்டியிருந்தால்தான் அது வெளியே வரும். கல்யாணமான முதல் வருஷத்திலேயே லொரீனா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் பிறந்தநாளை மறந்துவிட்டு வந்து நின்று, "கடை பூட்டியிருந்துச்சு லொரீ, என் கண்ணால பாத்தேன்" என்றார். அந்தச் சனிக்கிழமை ரேடியோவில் அதே வார்த்தையை அதே குரலில் கேட்டாள். மேடையில் நடப்பதெல்லாம் என்ன என்று அந்த நிமிஷமே புரிந்துபோனது. அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் காப்பாற்றும் ரகசியத்தை அவருக்காகவே தானும் காப்பாற்றினாள்.

அந்தக் குரல் இன்று தன் மகனைப் பற்றிப் பேசுகிறது.

"அத்தை? ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டீங்க?"

"வெக்கைதான்." லொரீனா எழுந்து குழாயடியில் கையைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள். "சர்க்கரை பத்தாது போலிருக்கு. வெர்னா வீட்டுல கேட்டுட்டு வரேன். நீ எழுந்திருக்காத."

"டப்பால பாதி இருக்கே."

"ரெண்டு கூடைக்குப் பாதி எங்க காணும்?"

கூடத்தைத் தாண்டும்போது டெலிபோன் கண்ணில் பட்டது. இப்போது யாராவது கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் நடீனிடம் சொல்லிவிட்டால்? லொரீனா ரிசீவரை எடுத்துச் சத்தமில்லாமல் மேஜைமேல் படுக்கவைத்தாள். அந்தத் தெருவில் நாலு வீட்டுக்கும் ஒரே லைன். நாலு வீட்டு போனும் செத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று நினைத்தாள்.

பக்கத்து வீட்டு வெர்னா வாசலில் பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். "உன் பையன் தப்பிச்சான் லொரீனா. கேட்டியா? எனக்கு நெஞ்சே நின்னு போச்சு."

"வெர்னா, உன் கார எடு. என்னை ரேடியோ நிலையத்துக்குக் கொண்டுபோய் விடு."

"இப்பவா? ஆட்டம் நடக்குதே."

"இப்ப."

வெர்னா அவள் முகத்தைப் பார்த்தாள். பீன்ஸ் முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

வெர்னா காரை மாட்டுவண்டி மாதிரிதான் ஓட்டுவாள். அன்றைக்கு இரண்டு சிக்னலில் நிற்கவில்லை. காரிலிருந்த ரேடியோவில் ஏழாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. சவானாக்காரன் ஒருவன் ஓங்கி அடித்தான். குச்சி மரத்தில் பட்டது. பந்து உயரே போனது.

"இடது மூலையில கிளேட்டன் மேப்ரி பின்னாடியே ஓடறான், ஓடறான், சுவர் வந்துருச்சு, பிடிச்சுட்டான் மக்களே."

"சபாஷ்," என்றாள் வெர்னா.

லொரீனா கார்க் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். என் பையன் எங்கேயோ கிடக்கிறான். அவன் ஓடுகிறான் என்கிறார். பந்தைப் பிடித்தான் என்கிறார். இந்த ஊரே கை தட்டிக்கொண்டிருக்கும்.

நிலையம் ஒரு மரச்சாமான் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை பூட்டிக் கிடந்தது. லொரீனா படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

மேலே ஹாலிஸ் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தந்தி மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர், கன்னமெல்லாம் நனைந்திருந்தது. லொரீனாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். தந்தி விடவில்லை. ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே மறு கையால் இரண்டு துண்டுக் காகிதங்களை நகர்த்தினார்.

முதலாவதில் இருந்தது: மேப்ரி தலையில் அடி. விழுந்தார். மைதானத்தில் டாக்டர்.

இரண்டாவதில்: மேப்ரியைத் தூக்கிச் சென்றனர். அசைவில்லை. அவருக்குப் பதிலாக டாப்ஸ் ஓடுகிறார்.

லொரீனா இரண்டையும் படித்தாள். திரும்பப் படித்தாள். 'அசைவில்லை' என்ற சொல் மட்டும் காகிதத்தில் தனியாக நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிபரப்பு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்குக்குக் கீழே ஆர்வில் பேசிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவியைப் பார்த்தார். வாய் நிற்கவில்லை.

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்து விளம்பர இசைத்தட்டு ஓட ஆரம்பித்தது. விளக்கு அணைந்தது. லொரீனா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றார் ஆர்வில்.

"நீங்கதான்."

"நான் எங்க சொன்னேன்?"

"என் கண்ணால பாக்கறேன்னீங்களே. அது எப்ப வரும்னு எனக்குத் தெரியாதா? இருபத்துமூணு வருஷமா கேக்கறேன்."

ஆர்வில் அடிபட்டவர்போல அவளைப் பார்த்தார். "அப்ப மல்யுத்தம்… உனக்கு…"

"தெரியும். அத விடுங்க. பையன் உயிரோட இருக்கானா?"

"தெரியல. தந்தில ஆட்டம்தான் வருது. அவனப் பத்தி அதுக்கப்புறம் ஒரு வரி இல்ல. நானும் கேக்கச் சொல்லிட்டேன், ஹாலிஸும் கேட்டுப் பாத்துட்டார்."

"பந்து பிடிச்சான்னு சொன்னீங்களே ஆர்வில். அசைவில்லன்னு காகிதத்துல இருக்கு. நீங்க அவன ஓடவிட்டீங்க."

"நடீன் கேட்டுட்டிருப்பா. ஏழு மாசக்காரி. அவ காதுல அத எப்படிச் சொல்லுவேன்? ஒரு நிமிஷம் எழுப்பி நிக்க வெச்சா போதும்னு நினைச்சேன். நிக்க வெச்சேன். அவன் முதல் பேஸுக்குப் போயிட்டான். அப்புறம் அவனை எங்க இறக்கி விடறதுன்னு எனக்குத் தெரியல லொரீ."

அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். லொரீனாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு, தானும் அரைமணி நேரத்துக்கு முன்னால் சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

அதற்குள் நிலைய மேலாளர் ரக்கர் கதவில் வந்து நின்றார். வீட்டிலிருந்து ஓடி வந்திருப்பார் போல. காலில் செருப்பு, கழுத்தில் டை இல்லை.

"போன் விடாம அடிக்குது. சவானா ரேடியோல ஒண்ணு சொல்றாங்களாம், நீங்க ஒண்ணு சொல்றீங்களாம். எது நிஜம்னு கேக்கறாங்க." லொரீனாவைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, சவானா ஆஸ்பத்திரியிலருந்தும் பேசினாங்க. பையனுக்கு உயிர் இருக்கு."

லொரீனா அவர் முன்னால் போய் நின்றாள்.

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம். எலும்பத் திறந்து எடுக்கணுமாம். எடுத்தாலும் பிழைப்பான்னு உறுதி இல்ல, எடுக்காட்டி இன்னிக்குத் தாண்டாதுங்கறார் டாக்டர். பெண்டாட்டியோட சம்மதம் வேணுமாம். உங்க வீட்டுக்கு மூணு தடவ கூப்பிட்டாராம். லைன் பிஸியாவே இருக்காம்."

"நான் சொல்றேன் சம்மதம்," என்றார் ஆர்வில்.

"நானும் அதத்தான் சொன்னேன். கல்யாணமான பையன், அவன் மனைவி நல்லா இருக்கும்போது அவங்க வாயால கேக்கணும்ங்கறார். இன்னும் கால் மணி பாப்பாராம். அதுக்கு மேல அவர் பொறுப்புல செய்வேங்கறார், ஆனா அவருக்கு மனசில்ல."

லொரீனா ஆர்வில் பக்கம் திரும்பினாள். "போன எடுத்துக் கீழ வெச்சது நான்தான்."

ஆர்வில் அவளைப் பார்த்தார்.

"யாரும் அவகிட்ட சொல்லிடக் கூடாதுன்னு வெச்சேன். அந்த நாலு வீட்டுக்கும் ஒரே லைன். பக்கத்து வீட்டையும் கூப்பிட முடியாது. வெர்னா கீழ கார்ல இருக்கா."

"கார்ல போனா?"

"வரதுக்கே இருபது நிமிஷம் ஆச்சு."

சோப்பு விளம்பரம் முடியும் தறுவாயில் இருந்தது. பிறகு மூன்று பேர் கண்ணும் ஒரே நேரத்தில் மேஜைமேலிருந்த மைக்கில் போய் நின்றன.

ரக்கர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சொல்லு ஆர்வில். ஆனா பொய்யுன்னு சொல்லாத. தந்தி தப்பா வந்துச்சுன்னு சொல்லு. நீ ஒரு தடவ பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு நீ மழை பெய்யுதுன்னாக்கூட எவனும் குடைய எடுக்கமாட்டான். இந்த ஊர்ல உன் குரல் முடிஞ்சது. டிவிக்காரனும் உள்ள விடமாட்டான், மல்யுத்தக்காரனும் விடமாட்டான். தந்தி மேல போடு."

தந்தி மேல் போடுவது என்றால் ஹாலிஸ் மேல் போடுவது. கதவுக்கு வெளியே அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காதுக்கருவியைப் பாதி கழற்றிவிட்டு, "சொல்லிக்கட்டும்," என்றார். "எனக்கு ஒண்ணுமில்ல. பையன் பிழைக்கட்டும்."

லொரீனா கணவனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவரை ஒருமையில் அழைத்ததில்லை. இப்போது வார்த்தை தானாக வந்தது. "நீ சொன்னத நீயே திருப்பி எடு, ஆர்வில்."

சிவப்பு விளக்கு எரிந்தது. லொரீனாவும் ரக்கரும் வெளியே வந்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

ஆர்வில் குச்சியைத் தள்ளி வைத்தார். மைக்கைக் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டார். வெளியே இருந்த ஒலிப்பெட்டியில் அவர் குரல் வந்தபோது, அது வேலியோரத்தில் நின்று பேசும் பழைய குரலாக இருந்தது.

"ஆர்வில் மேப்ரி பேசறேன். ஆட்டத்த ஒரு நிமிஷம் நிறுத்தி வெக்கறேன். ஆறாவது இன்னிங்ஸ்ல கிளேட்டன் எழுந்து நடந்தான்னு சொன்னேன். அவன் எழுந்திருக்கல. பந்து தலையில பட்டு விழுந்தான், தூக்கிட்டுப் போனாங்க. முதல் பேஸுக்குப் போனது டாப்ஸ். ஏழாவதுல அந்தப் பந்தப் பிடிச்சதும் டாப்ஸ். தந்தி சரியாத்தான் வந்துச்சு. நான்தான் மாத்திச் சொன்னேன். எதையும் என் கண்ணால பாக்கல. மேக்கன்ல ஒரு அறைக்குள்ள உக்காந்திருக்கேன். கிளேட்டன் என் மகன்."

ரக்கர் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார்.

"நடீன், நீ கேட்டுட்டிருப்பேன்னு தெரியும்மா. அவன் உயிரோட இருக்கான். டாக்டர் உன்கிட்ட ஒரு சம்மதம் கேக்கணும். கூடத்துல போன் எடுத்துக் கீழ வெச்சிருக்கு. அத அதோட இடத்துல வை. உடனே மணி அடிக்கும். அவர் கேக்கறதுக்கு நீதான் பதில் சொல்லணும். நாங்க யாரும் சொல்ல முடியாது. தொட்டியிலருந்து காலத் துடைச்சுட்டு எழுந்திரு. தரை வழுக்கும். மெதுவா நட."

அவர் நிறுத்தினார். அந்த மௌனம் ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. வெர்னாவின் காரில், கடை வாசல்களில், எத்தனையோ சமையலறைகளில்.

"எட்டாவது இன்னிங்ஸ், முதல் பாதி," என்றார் பிறகு. ஹாலிஸ் நீட்டிய துண்டை வாங்கிக்கொண்டார்.

லொரீனா ரக்கரின் அறைக்குள் ஓடி வீட்டு எண்ணைச் சுழற்றினாள். பிஸி. வைத்தாள். எடுத்தாள். பிஸி. விரல் துளைக்குள் சரியாகப் போகவில்லை. நடீன் ரேடியோவை அணைத்துவிட்டிருந்தால்? கேட்ட அதிர்ச்சியில் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தால்? ஆறாவது தடவையும் பிஸி. ஏழாவது தடவை மணி அடித்தது.

ஒரே மணி. எடுத்துவிட்டாள்.

"நடீன்?"

"பேசிட்டேன் அத்தை." அழுகை இல்லாத குரல். லொரீனாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. "டாக்டர் கேட்டார். திறங்கன்னு சொல்லிட்டேன். இன்னேரம் உள்ள கொண்டுபோயிருப்பாங்க."

"கண்ணு, நான் போன எடுத்து வெச்சது…"

"எதுக்கு வெச்சீங்கன்னு தெரியும். சர்க்கரை எதுக்கு வாங்கப் போனீங்கன்னும் தெரியும். இனிமே எனக்காக யாரும் எதையும் மறைக்க வேண்டாம். பைய எடுத்துட்டு வாசல்ல நிக்கறேன். ரெண்டு பேரும் வந்து என்னை சவானாவுக்குக் கூட்டிட்டுப் போங்க. வேண்டாம்னு சொல்லாதீங்க, நடந்தாவது போயிருவேன்."

"வரோம். இப்பவே வரோம்."

"இன்னொண்ணு அத்தை." நடீன் குரலைத் தாழ்த்தினாள். "முன்னாடி தலையில ஏதாவது தொந்தரவு உண்டான்னு டாக்டர் கேட்டார். அவர்கிட்ட மறைக்க முடியல. உங்ககிட்டயும் சொல்லிடறேன். அவருக்கு இடது கண்ணு சரியா தெரியாது. ஏப்ரல்லருந்தே. அந்தப் பக்கத்துலருந்து வர பந்து பாதி தூரம் வந்தப்புறம்தான் தெரியும்பார். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். அப்பாவுக்குத் தெரிஞ்சா மறுநாளே ஆட விடமாட்டார்னு சொன்னார்."

லொரீனா ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்தினாள்.

"நான் சொல்லியிருக்கணும் அத்தை," என்றாள் நடீன். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

ரிசீவரை வைத்துவிட்டு லொரீனா வெளியே வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்வில் டாப்ஸ் அடித்த பந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என்ன சொன்னாள்?

டாக்டருக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள் என்று தலையை ஆட்டினாள் லொரீனா. அவர் கண்ணை மூடித் திறந்தார். தோள்கள் இறங்கின. அத்தோடு விட்டிருக்கலாம். கண் விஷயத்தைக் காரில் போகும்போது சொல்லலாம், ஆபரேஷன் முடிந்த பிறகு சொல்லலாம், சொல்லாமலேகூட இருந்துவிடலாம். இந்த வீட்டில் மறைப்பது எல்லோருக்கும் கைவந்த வேலை.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லொரீனா அது அணையும்வரை காத்திருக்காமல், அதையும் சொல்லிவிடக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.